பற்றரிக் கொள்கலன் மாரியைத் தாங்குமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதலில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சீன நிறுவனம் ஒன்றின் கைக்குப் போகவிருந்த வேலை அது. இந்தியா ஆட்சேபித்தது, பிறகு தானே சுமார் 1.1 கோடி டொலரை நன்கொடையாகத் தந்தது. அந்த அரசியலை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பேசி முடித்தாயிற்று. பேசாமல் விட்டது பற்றரியைத்தான். 1,700 கிலோவாற் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற் காற்று மின்சாரமும் ராத்திரிக்கும் உதவ வேண்டுமென்றால் நடுவில் 2,400 கிலோவாற் மணி கொள்ளக்கூடிய பற்றரி நிற்க வேண்டும். அதுவும் கடற்காற்றுக்குள், மாரி மழைக்குள், பத்துப் பதினைந்து வருடம் நிற்க வேண்டும்.

இந்த அளவுப் பற்றரிகள் இப்போது பெரும்பாலும் இரும்புக் கொள்கலனில் அல்லது அதைப் போன்ற அலுமாரிகளில் அடைக்கப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. இன்றைய 20 அடிக் கொள்கலன் ஒன்றுக்குள் 5,000 கிலோவாற் மணி வரை அடக்கிவிடுகிறார்கள். மூன்று தீவுகளுக்கும் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு அது. உள்ளே நேரோட்டம் 1,500 வோல்ற் வரை ஓடும். அந்த அழுத்தத்தில் செப்புக் கட்டைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் போட்டாலே போதும், மின்சாரம் அதன் வழியே கசியத் தொடங்கும். கசியும் இடம் கருகும், கருகிய தடம் இன்னும் நன்றாகக் கடத்தும், ஒரு கட்டத்தில் தீப்பொறி விழும். ஆக, மழை பெய்தால் உள்ளே கொஞ்சம் நனையும் என்பதோடு முடிகிற பிரச்சினை இல்லை இது.

சரி, கொள்கலன் தண்ணீரைத் தாங்கும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஐபி என்று தொடங்கி இரண்டு இலக்கத்தில் முடியும் ஒரு குறி இருக்கும். ஐஈசி 60529 என்ற சர்வதேசத் தரநிலை கொடுக்கும் குறி அது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. பற்றரிக் கொள்கலன்களில் அடிக்கடி காண்பது ஐபி55. விற்பனைக் கையேட்டில் ஐபி67 என்று பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். பல சமயம் அது உள்ளே அடுக்கியிருக்கும் பற்றரிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் உரிய குறியாக இருக்கும், கொள்கலனுக்கு உரியதாக இருக்காது. பெட்டிகளை இணைக்கும் கேபிள்களும், ஆளிகளும், கட்டுப்பாட்டுப் பலகைகளும் கொள்கலனின் குறியை நம்பித்தான் இருக்கின்றன.

இரண்டாவது இலக்கம் 5 என்றால், 6.3 மில்லிமீற்றர் வாயுள்ள குழாயால் நிமிடத்துக்கு 12.5 லீற்றர் தண்ணீரை, இரண்டரை முதல் மூன்று மீற்றர் தூரத்தில் நின்று, எல்லாப் பக்கமும் அடிப்பார்கள். 6 என்றால் குழாய் வாய் 12.5 மில்லிமீற்றர், நிமிடத்துக்கு 100 லீற்றர். நேரக் கணக்கு சதுர மீற்றருக்கு ஒரு நிமிடம், குறைந்தது மூன்று நிமிடம். 20 அடிக் கொள்கலனின் நான்கு பக்கமும் கூரையும் சேர்ந்தால் சுமார் 60 சதுர மீற்றர் வரும். ஆகவே ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். 5க்கு 750 லீற்றர் போதும், 6க்கு ஒரு பவுசரே வேண்டும். 7 என்பது வேறு வகைச் சோதனை. ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது. 7 பெற்ற பொருள் 5ஐயும் 6ஐயும் தானாகவே தாண்டிவிட்டது என்று கொள்ள முடியாது. அமிழ்ந்து கிடப்பதைத் தாங்கும் மூடி, பீய்ச்சி அடித்தால் தூக்கிக்கொள்ளலாம். அதனால்தான் இரண்டையும் தாங்குபவற்றில் இரண்டு குறியையும் போடுகிறார்கள்.

தண்ணீர் துளிகூட உள்ளே போகக்கூடாது என்று இந்தச் சோதனை எப்போதும் கேட்பதில்லை. போன தண்ணீர் மின்னோட்டம் உள்ள பாகத்தைத் தொடக்கூடாது, கேபிள் முனையில் தேங்கக்கூடாது, இயக்கத்தைக் கெடுக்கக்கூடாது. அவ்வளவுதான். இது ஏமாற்று வேலை இல்லை. போகிற தண்ணீர் வடிந்தோடத் துளை வைத்த பெட்டி, முழுக்க அடைத்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பெட்டியைவிட எவ்வளவோ மேல். ஆனால் சோதனை விட்டுவைப்பவற்றையும் பார்க்க வேண்டும். அடிப்பது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. அடிவாங்குவது புதுப் பெட்டி, கதவின் றப்பர் வெயிலில் காய்ந்து வெடித்த பத்து வயதுப் பெட்டி அல்ல. அது சமதரையில் நேராக நிற்கிறது. லொறியில் ஏறி, கப்பலில் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் மிதவையில் ஏறி, நெடுந்தீவில் இறங்கிய பெட்டி அல்ல. கிரேனில் தூக்கும்போது சட்டம் சில மில்லிமீற்றர் முறுகினாலே கதவு ஒரு மூலையில் இறுகும், எதிர் மூலையில் இளகும்.

கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில் 2022 செப்டெம்பர் 20 அன்று நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எல்க்ஹோர்ன் என்ற அந்த நிலையத்தில் டெஸ்லாவின் மெகாபேக் என்ற பற்றரி அலகுகள் 256 இருந்தன. திறந்து ஐந்து மாதந்தான். ஒன்று மட்டும் எரிந்தது, ஆனால் பக்கத்து நெடுஞ்சாலையை மூடி, சுற்றியிருந்தவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். காரணம் மழைநீர். கூரையில் இருந்த வெடிப்பு வடிகால் ஒன்றின் மேல்மூடி சரியாகப் பொருத்தப்படவில்லை. அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

வெடிப்பு வடிகால் என்றால் என்ன, அதை ஏன் கூரையில் வைத்துத் தொலைக்க வேண்டும்? அதற்கு அரிசோனாவுக்குப் போக வேண்டும். 2019 ஏப்ரல் 19 அன்று அங்கே மக்மிக்கன் என்ற இடத்துப் பற்றரி அறையில் ஒரு கலம் (பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் சின்னப் பற்றரி செல்) கட்டுமீறிச் சூடாகி, பக்கத்துக் கலங்களையும் சூடாக்கியது. தீயணைக்கும் வாயு தானாக வெளியேறியது. ஆனால் கலங்கள் புகைந்துகொண்டே இருந்தன. அந்தப் புகையில் ஹைட்ரஜன், காபன் மொனொக்சைட்டு, மெதேன் எல்லாம் இருக்கும். போக வழியில்லாமல் அவை உள்ளேயே நிறைந்தன. சில மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள், காற்றுப் புகுந்தது, வெடித்தது. நான்கு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான், உள்ளே சேரும் வாயு தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த செறிவின் கால்பங்கைத் தாண்டாமல் விசிறி வைத்து வெளியேற்ற வேண்டும், அல்லது வெடித்தால் அமுக்கம் மேல்நோக்கிப் போகக் கூரையில் எளிதில் திறக்கும் பலகை வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் கடுமையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 855, 68, 69 ஆகிய விதிகள் சொல்வது இதைத்தான்.

பற்றரிக் கொள்கலனின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் இருக்கிறது. மழைக்காக அடைத்தால் வாயு உள்ளே சேரும். வாயுவுக்காகத் திறந்தால் மழை உள்ளே வரும். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆய்வுகூடங்களில் சோதிக்கிறார்கள். தண்ணீர் அடித்துப் பார்ப்பவர் வடிகால் பலகை மூடிய பெட்டியைப் பார்க்கிறார். தீயைப் பார்ப்பவர் நனையாத பெட்டியை எரிக்கிறார். கேள்விப்பத்திரத்தில் இரண்டு சான்றிதழும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கும். வடிகால் பலகை பொருத்திய, விசிறித் துவாரம் திறந்திருக்கும் முழுப் பெட்டிக்குத்தான் தண்ணீர் அடித்தீர்களா என்று கேட்பவர் குறைவு. நான் ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

தீச் சோதனை பற்றியும் ஒரு விளக்கம் தேவை. யூஎல் 9540ஏ என்ற பெயரை எல்லா விற்பனையாளர்களும் சொல்வார்கள், "அதில் பாஸ்" என்பார்கள். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. அது ஒரு சோதனை முறை. ஒரு கலத்தை வேண்டுமென்றே சூடாக்கிக் கட்டுமீற விட்டு, எவ்வளவு வாயு வருகிறது, அதில் என்னென்ன இருக்கிறது என்று அளப்பார்கள். பிறகு அதே சோதனை ஒரு பெட்டியில், பிறகு முழு அலகில், தேவையானால் நிறுவிய அமைப்பில். தீ பக்கத்துக்குத் தாவுகிறதா, எவ்வளவு தூரம் வெப்பம் போகிறது என்பது அறிக்கையில் எண்களாக வரும். அந்த எண்களை வைத்துத்தான் இரண்டு கொள்கலனுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, வடிகால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். ஆகவே சான்றிதழைக் கேட்டுப் பயனில்லை, அறிக்கையைக் கேட்க வேண்டும்.

தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாள் சர்வசாதாரணம். அந்தக் காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். கொள்கலனுக்குள் பற்றரியைக் குளிர்விக்கும் குழாய்களோ அதைவிடக் குளிராக இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பராமரிப்பு வேலை செய்தால், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல அந்தக் குழாய்களும் பலகைகளும் வியர்க்கும். கதவு மூடியிருந்தாலும், பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்று சின்னச் சின்ன இடைவெளிகளால் ஈரத்தை உள்ளே இழுக்கும். தென்கொரியாவில் 2017 ஓகஸ்ட் முதல் 2019 மே வரை 23 பற்றரி நிலையங்கள் தீப்பிடித்தன. அரசு நியமித்த குழு சொன்ன காரணங்களில் ஒன்று, மலையிலும் கடலோரத்திலும் இருந்த நிலையங்களில் ஈரம் படிந்து தூசியோடு சேர்ந்து மின்காப்பைக் கெடுத்தது. நம்மூர்க்காரர் கவனிக்க வேண்டிய அறிக்கை அது. இங்கே சோளகக் காற்று காலத்தில் தூசி, வாடைக் காற்று காலத்தில் ஈரம், வருடம் முழுக்க உப்பு. ஈரத்தை எடுக்கும் கருவி உள்ளே தனியாக ஓட வேண்டும். பற்றரி வேலை செய்யாத நாளிலும் ஓட வேண்டும்.

குளிர்விக்கும் திரவமும் தண்ணீர் மாதிரித்தான். அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2021 ஜூலை 30 அன்று, நிலையம் சோதனை ஓட்டத்தில் இருந்தபோதே தீப்பிடித்து இரண்டு மெகாபேக்குகள் எரிந்தன. குளிர்விக்கும் திரவம் கசிந்து மின்னணுப் பாகங்களில் குறுஞ்சுற்று ஏற்பட்டதுதான் பெரும்பாலும் காரணம் என்று விசாரணை சொன்னது. அந்த அலகை அணைத்து வைத்திருந்ததால் எச்சரிக்க வேண்டிய கண்காணிப்பும் சேர்ந்தே அணைந்திருந்தது. 2021 செப்டெம்பரில் மொஸ் லாண்டிங்கின் இன்னொரு நிலையத்தில் வேறு கூத்து. பற்றரியிலிருந்து வராத சிறு புகைக்குப் பயந்து தீயணைப்புக் குழாய்கள் தண்ணீரைத் திறந்தன, குழாய் மூட்டுகள் கசிந்து பற்றரிகளை நனைத்தன. காப்பாற்ற வைத்ததே கெடுத்தது.

இவற்றைவிடச் சாதாரணமான வழி ஒன்று உண்டு: கேபிள் ஓடும் நிலக்கால்வாய். அடியிலிருந்து கேபிள் நுழையும் துளையைச் சரியாக அடைக்காவிட்டால், கால்வாயில் நிரம்பும் வெள்ளம் குழாய் வழியாகப் பெட்டியின் வயிற்றுக்குள் ஏறும். தொழிற்சாலையில் ஐபி சோதனை நடந்தபோது அந்தத் துளையில் இறுக்கமான மூடி இருந்திருக்கும். களத்தில் கேபிளை இழுத்தவர் அவசரத்தில் நுரையை அடித்துவிட்டுப் போயிருப்பார். இந்த வேலைக்கு எந்தச் சான்றிதழும் பொறுப்பேற்காது.

நிஷா புயலின்போது, 2008 நவம்பரில், யாழ்ப்பாணத்தில் ஒரே வாரத்தில் 520 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் மறுபடி வெள்ளம். குடாநாடும் தீவுகளும் தட்டையான நிலம். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம். ஓடிப்போக இடமில்லாமல் தண்ணீர் நாட்கணக்கில் நிற்கும். ஐபி55 கொள்கலன் நிற்கிற வெள்ளத்துக்குப் பதில் சொல்வதில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கொங்கிறீற் மேடை. மேடை உயரத்தைப் பொதுவான வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் காணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் 2008 இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேட்டு முடிவு செய்வது நல்லது. கடல்நீர் ஏறக்கூடிய இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 இல் ஃபுளோரிடாவை இயன் புயல் தாக்கியபின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்புநீர் வடிந்தபின் தங்கும் உப்புதான் வினை. வெள்ளம் வற்றியதும் ஆபத்து போய்விட்டது என்று ஆளிகளைப் போடக்கூடாது.

உப்புக்குத் தனிச் சோதனை இருக்கிறது. 35 பாகை வெப்பத்தில் 5 வீத உப்புக்கரைசலை மூடுபனிபோலத் தெளித்து எத்தனை மணி நேரத்தில் கறள் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 12944 என்ற தரநிலை சுற்றுச்சூழலைச் சி1 முதல் சி5 வரை பிரித்து, அதற்கு மேலே கடல் நடுவே நிற்கும் கட்டமைப்புகள் போன்றவற்றுக்குச் சிஎக்ஸ் என்றும் வைத்திருக்கிறது. தீவுகளில் சி5க்குக் குறைந்த பூச்சை ஏற்பது வீண் வேலை. அதிலும் பூச்சு பெரிய தகட்டில் போவதில்லை. கதவுப் பிணைச்சலில், போல்ட் தலையில், ஏசியின் அலுமினியத் தகடுகளில், வெல்டிங் விளிம்பில்தான் போகும். கரையோர வீடுகளில் ஏசியின் வெளிப்பெட்டி என்ன கதியாகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏசி நின்றால் பற்றரி சூடேறும், சூடேறினால் தானாகவே நின்றுவிடும், ஊர் மறுபடி ஜெனரேற்றருக்குப் போகும்.

அப்புறம், வந்து இறங்கிய பெட்டியைக் களத்தில் என்ன செய்து பார்க்கலாம்? பெரிய செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. கப்பலில் சரக்கறை மூடிகளுக்குச் செய்வதுபோல, கதவு விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்தால் றப்பரில் வெள்ளைக்கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் கதவு ஒட்டவில்லை. மேடையில் வைத்துப் பூட்டியபின், மின் இணைப்புக் கொடுக்குமுன், அதே 12.5 லீற்றர் குழாயால் கதவுகள், கூரை வடிகால், ஏசி ஓரம், விசிறித் துவாரம் நான்கையும் அடித்துப் பார்க்கலாம். அடித்தபின் திறந்து கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் மின்காப்புத் தடையையும் அளக்க வேண்டும்.

அந்தக் கடைசி அளவு ஒரு பொக்கிஷம். 1,500 வோல்ற் அமைப்புகளில் மின்காப்புத் தடையை ஓயாமல் அளக்கும் கருவி ஏற்கனவே உள்ளே இருக்கும். ஆபத்து எல்லைக்குக் கீழே போனால் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் எல்லைக்கு மேலே அது காட்டும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் அடுத்த காலையில் அந்த எண் இறங்கி, வெயில் ஏறியதும் மெல்ல மேலேறுகிறதென்றால் எங்கோ ஈரம் போகிறது என்று அர்த்தம். ஆய்வுகூடம் ஒரு மணி நேரம் செய்த சோதனையை மாரி மாதக்கணக்கில் இலவசமாகச் செய்து தருகிறது. முடிவைக் குறித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்தப் பதிவு கொழும்பிலோ, ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் இருக்கும் பெங்களூரிலோ உள்ள திரையில் மட்டும் இருந்து பிரயோசனமில்லை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, பழுது பார்ப்பவர் வர முடியாது. தீவிலேயே இருக்கும் ஒருவர் அதைப் படிக்கவும், தேவையானால் அலகைத் தனிமைப்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கதவு றப்பரும் கேபிள் துளை மூடிகளும் தீவிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும்.

தீ என்று வந்துவிட்டால் தீவின் நிலைமை இன்னும் வேறு. யாழ்ப்பாண மாநகர சபையின் தீயணைப்பு வண்டி நெடுந்தீவுக்கு ஓடிப்போக முடியாது. இப்போது பல நாடுகளில் பின்பற்றும் முறை, எரிகிற கொள்கலனை எரிந்து முடிய விட்டு, பக்கத்தில் உள்ளவற்றைத் தண்ணீரடித்துக் குளிர வைப்பது. லிதியம் பற்றரிக்குள் தண்ணீரை அனுப்பி அணைப்பது மிகக் கடினம், அணைந்ததுபோலத் தெரிந்து மறுபடி பற்றும். எனவே பக்கத்துக் கொள்கலனுக்குத் தாவாது என்பதைத் தூரத்தாலும் சுவராலும் உறுதி செய்ய வேண்டும். குடிநீருக்கே அல்லாடும் தீவில் மணிக்கணக்கில் அடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

அப்படி அடிக்கிற தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி நமக்குத்தான் மிகப் பெரியது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மேலே ஊற்றியது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றில் நிற்கும். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கிணறுகள் கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. எரிந்த பற்றரியைக் கழுவி வரும் நீரில் புளோரைட்டும் உலோகங்களும் இருக்கும். கொள்கலன் மேடையைச் சுற்றி நீர் இறங்காத கொங்கிறீற் வரம்பு, அதற்கு அடைக்கக்கூடிய வாய்க்கால், மழைநீரைச் சாதாரண நாளில் விடவும் தீ நாளில் பிடித்து வைக்கவும் ஒரு தொட்டி, மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கப் பொறியியலாளர் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கினால் போதும்.